பல கட்டுப்படுத்திகள், ஒரே முடிவு: மென்பொருள்வழி வலையமைப்பு ஒத்துழைக்கக் கற்ற வரலாறு



முன்னுரை

வகுப்பறையில் மாணவர் ஒருவர் திறன்பேசியில் பாடக் காணொளி ஒன்றைத் திறக்கிறார். அதன் தரவு ஆயிரக்கணக்கான சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, பல நகரங்களைக் கடந்து அவர் கையை வந்தடைகிறது. ஒவ்வொரு சந்தியிலும் இப்பொட்டலம் இந்த வழியே செல்க என்று யாரோ முடிவு செய்திருக்க வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் ஒருவரா, பலரா? பலர் எனில், அவர்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தால் யார் சொல் செல்லும்?

பொறியியலாளர்கள் இந்த வினாவோடு அறுபது ஆண்டுகளாகப் போராடி வருகின்றனர். அதற்கு விடை தேடிய வரலாற்றை, அதிலும் குறிப்பாக 2008-க்குப் பிந்திய காலத்தில் பல கட்டுப்படுத்திகள் கூடி ஒரு வலையமைப்பை ஆளக் கற்ற கதையை, இவ்வுரை சுருக்கமாக ஆராய முற்படுகிறது. மொழியியல் பயின்ற எனக்கு இதில் என்ன ஆர்வம் என்று கேட்கலாம். மொழியின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்றுதான் இங்கும் உள்ளது: ஒருவர் சொன்னதை மற்றவர் அதே பொருளில், அதே வரிசையில் ஏற்றுக்கொண்டார் என்பதை எவ்வாறு உறுதி செய்வது?

மையம் வேண்டா என்ற தொடக்கம்

1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பேரன், தகவல் தொடர்பு வலையமைப்புகள் குறித்த ஆய்வறிக்கைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அணுப்போரில் சில நிலையங்கள் அழிந்தாலும் எஞ்சியவை தொடர்ந்து பேசிக்கொள்ள வேண்டும் என்பது அவரது நோக்கம். அவர் வலையமைப்புகளை மூவகையாகப் பகுத்தார். எல்லாம் ஒரு புள்ளியில் கூடுவது மையப்படுத்தப்பட்டது. சில புள்ளிகளில் கூடுவது பரவலாக்கப்பட்டது. மீன்வலைபோல் எங்கும் பின்னியிருப்பது பகிர்ந்தளிக்கப்பட்டது. மூன்றாவதே தாக்குதலைத் தாங்கும் என்பது அவரது முடிவு.

1969 அக்டோபர் 29 அன்று முதற்செய்தியை அனுப்பிய ஆர்ப்பாநெட் வலையமைப்பில், ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சிறு கணினி நின்று பொட்டலங்களை அனுப்பியது. வழியை முடிவு செய்ததும் அதே கணினிதான். தலைவர் என்று எவரும் இல்லை. ஒவ்வொரு கணினியும் தன் அண்டை வீட்டாரிடம் கேட்டறிந்து தானே முடிவெடுத்தது. இணையத்தின் வழிச்செலுத்திகள், அதாவது நாம் ரூட்டர் என்றழைக்கும் கருவிகள், இந்த மரபில் வந்தவை.

யார் சொன்னது புதியது?

தலைமை இல்லாத அமைப்புக்கும் தனக்கே உரிய நோய் உண்டு. 1980 அக்டோபர் 27 அன்று ஆர்ப்பாநெட் பல மணி நேரம் செயலிழந்தது. எரிக் ரோசன் மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கை, அதன் காரணத்தைத் துல்லியமாக விளக்குகிறது.

ஒவ்வொரு கணினியும் தன் இணைப்புகளின் நிலையை அறிக்கையாக எழுதி அனைவருக்கும் அனுப்பும். பழைய அறிக்கை எது, புதியது எது என்று அறிய ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 63 வரை ஒரு வரிசை எண் இடப்பட்டிருந்தது. 63-க்குப் பின் எண் மீண்டும் 0-விலிருந்து தொடங்கும். எனவே கடிகார முகத்தைப் போல, இரண்டு எண்களில் எது முன்னால் நிற்கிறது என்பதை அரைச்சுற்று கணக்கில் தீர்மானித்தனர். அன்று வன்பொருள் பழுதால் ஓர் அறிக்கையின் எண்ணில் சில இருமங்கள் உதிர்ந்தன. விளைவாக, ஒரே கணினியின் பெயரில் 8, 40, 44 என மூன்று எண்கள் தாங்கிய அறிக்கைகள் ஒரே நேரத்தில் உலவின. விதிப்படி 8-ஐவிட 40 புதியது. 40-ஐவிட 44 புதியது. ஆனால் 44-இலிருந்து சுற்றிவந்தால் 44-ஐவிட 8 புதியது! ஒவ்வொரு கணினியும் புதிய செய்தி வந்தது என்று நம்பி, மூன்றையும் மாறிமாறி ஏற்று அண்டையருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. வேறு வேலைக்கு நேரமே இல்லாமற்போயிற்று.

இங்கே எந்தக் கணினியும் விதியை மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லாரும் விதிப்படியே நடந்தனர்; விதியில்தான் ஓட்டை இருந்தது. முன்பு, பின்பு என்பது எல்லாருக்கும் ஒன்றாக இல்லாதபோது நேர்மையான உறுப்பினர்களின் கூட்டமும் நிலைகுலையும். வரிசை எண்ணைப் பற்றிய இச்செய்தியை நினைவில் கொள்ளுங்கள். பின்னர் வரும் ஒவ்வொரு கட்டத்திலும் இது வேறு பெயரில் தலைகாட்டும்.

முடிவையும் செயலையும் பிரித்தல்

இணையம் பெருகியது, வழிச்செலுத்திகளும் பெருகின. ஒவ்வொன்றையும் தனித்தனியே அமைக்க வேண்டியிருந்ததால், பெரிய வலையமைப்பில் ஒரு சிறு கொள்கை மாற்றம்கூட நூற்றுக்கணக்கான கருவிகளில் கைவைக்கும் வேலையாயிற்று. முழு வலையமைப்பையும் ஒருசேரக் கண்டு முடிவெடுக்கும் இடம் எங்கும் இல்லை.

இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததே மென்பொருள்வழி வரையறுக்கப்படும் வலையமைப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோவும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் ஈத்தேன் என்ற அமைப்பை உருவாக்கினர். சுவிட்சுகள் எளிய கருவிகளாக நிற்க, எது எங்கே செல்லலாம் என்ற முடிவை மையத்தில் உள்ள ஒரு கணினி எடுத்தது. 2008-இல் நிக் மெக்கியோன் உள்ளிட்டோர் ஓப்பன்ஃபுளோ என்ற நெறிமுறையை முன்வைத்தனர். முடிவெடுக்கும் கணினியும் சுவிட்சும் பேசிக்கொள்ளும் பொதுமொழி அது. அதே ஆண்டில் நாக்ஸ் என்ற முதல் திறந்த கட்டுப்படுத்தி மென்பொருளும் வெளிவந்தது.

இங்கே கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. முடிவெடுக்கும் பகுதியைக் கட்டுப்பாட்டுத் தளம் எனலாம், அதில் குழப்பமில்லை. பொட்டலங்களை அனுப்பும் மற்றொரு பகுதியைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தரவுத்தளம் என்றால், அச்சொல் தகவல் சேமிப்பகத்தைக் குறிக்கும் சொல்லாக ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது. கடத்தல் தளம் என்றாலோ மாணவர்கள் சிரிப்பார்கள். எனவே செலுத்துதளம் என்ற ஆட்சியை இவ்வுரை பின்பற்றுகிறது. கட்டுப்படுத்தி என்பது முடிவெடுக்கும் மென்பொருளுக்குப் பெயர். கட்டு என்ற ஒரே வேரிலிருந்து கட்டுப்பாடு, கட்டமைப்பு ஆகிய இரண்டும் கிளைப்பதால், ஆளுதலும் இணைத்தலும் அச்சொல்லில் ஒருங்கே ஒலிக்கின்றன.

ஒன்று ஏன் போதாது?

ஒரே கட்டுப்படுத்தி போதும் என்றால் கதை 2008-உடன் முடிந்திருக்கும். முடியாமைக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அது நின்றால் புதிய முடிவு எதுவும் பிறக்காது. இரண்டாவது, சுவிட்சுகள் பெருகும்போது அனைத்தின் வினாக்களுக்கும் ஒரே கணினி விடையளிக்க முடியாது. மூன்றாவது தொலைவு: கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மில்லிநொடி ஆகும். அந்தக் காத்திருப்பை எந்தப் பொறியியலாலும் நீக்க முடியாது.

2010-இல் இரு வேறு தீர்வுகள் வெளிவந்தன. டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் ஹைப்பர்ஃபுளோ அமைப்பில் ஒவ்வொரு கட்டுப்படுத்தியும் தன் பகுதியில் நிகழ்வதைப் பிறருக்கு அறிவிக்கும். அனைவரும் அதே நிகழ்வுகளைத் தத்தம் இடத்தில் மீண்டும் நிகழ்த்திப் பார்த்து, முழு வலையமைப்பின் சித்திரத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்வர். முடிவை மட்டும் அவரவர் பகுதிக்கு அவரவரே எடுப்பர்.

நிசிரா, கூகள், என்இசி முதலிய நிறுவனங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கிய ஆனிக்ஸ் இன்னொரு நுட்பத்தைக் கொணர்ந்தது. பகிரப்படும் செய்திகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை அதன் படைப்பாளர்கள் கண்டனர். சில செய்திகளில் கணநேர முரண்பாடும் கூடாது. அவை மெதுவாகவேனும் அனைவரிடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறு சில நொடிக்கு நொடி மாறுபவை. சற்றுப் பழையதாக இருந்தாலும் கேடில்லை, வேகமே முக்கியம். ஆகவே ஆனிக்ஸ் இரண்டு வகைச் சேமிப்பகங்களை அளித்து, எந்தச் செய்தியை எதில் வைப்பது என்பதை அமைப்பவரின் பொறுப்பில் விட்டது. எதில் கட்டாயம் ஒத்திருக்க வேண்டும், எதில் சற்றே வேறுபடலாம் என்ற வினா இத்துறையில் தெளிவாக எழுந்தது இங்கேதான்.

2012 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் நடைபெற்ற முதல் மென்பொருள்வழி வலையமைப்புப் பட்டறையில் இவ்வினா பல கோணங்களில் அலசப்பட்டது. கட்டுப்படுத்திகளின் பார்வை பழையதாக இருந்தால், சுமையைப் பகிரும் முடிவுகள் எவ்வளவு தவறும் என்பதை ஒரு கட்டுரை ஆராய்ந்தது. மற்றொன்று, வேகத்தை மட்டும் கருதினால் பல வலையமைப்புகளுக்கு நல்ல இடத்தில் வைத்த ஒரு கட்டுப்படுத்தியே போதும், ஆனால் பழுதைத் தாங்க அது போதாது என்று காட்டியது. மூன்றாவதான காண்டூ, கட்டுப்படுத்திகளை ஈரடுக்காக வைத்தது. கீழடுக்கில் உள்ளவை தம் சுவிட்சுகளை மட்டும் அறியும், ஒன்றையொன்று அறியா. பெருந்தொகையான தரவைச் சுமந்து செல்லும் ஓட்டங்களுக்குப் பொறியியலாளர் இட்ட பெயர் யானை. எந்த ஓட்டம் யானை என்று கீழடுக்கே கண்டறியும். கண்டறிந்தபின் அதற்கு மட்டும் மேலடுக்கு வழிமாற்றித் தரும். எறும்புகளைப் பற்றித் தலைமைக்குத் தெரிவிக்க வேண்டியதே இல்லை. பள்ளி நிருவாகத்தை அறிந்த ஆசிரியர்களுக்கு இந்த ஏற்பாட்டின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

ஒப்புதலின் இலக்கணம்

எதில் ஒத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தாயிற்று. எவ்வாறு ஒத்திருப்பது? இதன் விடை வலையமைப்புத் துறைக்கு வெளியே முன்பே உருவாகியிருந்தது.

லெஸ்லி லாம்போர்ட் 1990-இல் ஒரு கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினார். பேக்சோஸ் என்ற கிரேக்கத் தீவின் பழங்கால நாடாளுமன்றத்தைப் பற்றிய தொல்லியல் ஆய்வுபோல் அது எழுதப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் அவைக்குள் வருவதும் போவதுமாக இருப்பர். தூதர்கள் செய்தியைத் தாமதமாகக் கொண்டு வருவர். எனினும் நிறைவேறிய சட்டங்களில் முரண்பாடு நேரக்கூடாது. கற்பனையாக அவர் தீட்டியது உண்மையில் பழுதுபடும் கணினிகளின் கூட்டத்தை. கட்டுரை அச்சேற 1998 வரை ஆயிற்று.

அம்முறையின் உயிர்நாடி நம் சங்கங்களின் ஆண்டுக்கூட்டத்திலும் உள்ளது. கோரம் சேரவில்லை என்று கூட்டத்தை ஒத்திவைப்பதை இந்நாட்டில் யாவரும் அறிவோம். அது லத்தீன் சொல். எவர்களுள் என்பது அதன் நேர்ப்பொருள். கட்டுப்படுத்திகள் ஐந்து என்றால், மூன்று ஒப்பினால்தான் முடிவு செல்லும். ஐவரில் மூவரை எப்படித் தேர்ந்தாலும், அடுத்த முறை தேரும் மூவரில் ஒருவரேனும் முந்தைய முடிவை அறிந்தவராக இருப்பார். அந்த ஒருவர் வழியாகவே நினைவு தொடர்கிறது. வலையமைப்பு இரண்டாகப் பிளந்து ஒரு பக்கம் மூவரும் மறுபக்கம் இருவரும் நின்றால், இருவர் வாளாவிருப்பர். இரு பக்கமும் தாமே தலைமை என்று கட்டளையிடும் கேடு தவிர்க்கப்படுகிறது. மூவர் குழு ஒருவரின் இழப்பையும் ஐவர் குழு இருவரின் இழப்பையும் தாங்கும். நால்வர் குழுவோ ஒருவரின் இழப்பை மட்டுமே தாங்கும். நான்காமவரால் இவ்வகையில் ஆதாயமில்லை. இதை மாணவர்கள் கரும்பலகையிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பேக்சோஸ் சரியான முறை. ஆனால் கற்பிக்கக் கடினமானது எனப் பெயர் பெற்றது. 2014-இல் ஸ்டான்ஃபோர்டின் டியேகோ ஒங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹவுட்டும் ராஃப்ட் என்ற முறையை வெளியிட்டனர். புரிந்துகொள்ளத்தக்கதாக இருத்தல் என்பதையே அவர்கள் வடிவமைப்பின் முதன்மை இலக்காக அறிவித்தனர். பின்னர் ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி மாணவர்கள் 43 பேருக்கு இரு முறைகளையும் காணொளிப் பாடமாக நடத்தித் தேர்வு வைத்தனர். 33 பேர் ராஃப்ட் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். ஒரு பொறியியல் முறையின் மேன்மைக்கு மாணவர் தேர்வுத்தாளைச் சான்றாகக் காட்டியது ஆசிரியர்களாகிய நமக்கு மகிழ்ச்சி தருவது. விளங்காத விதியை அமைப்பவர் தவறாகவே அமைப்பர் என்ற பட்டறிவு அதன் பின்னணியில் உள்ளது.

ராஃப்டில் ஒரு தலைவர், பின்பற்றுவோர், தேர்தல், பதவிக்காலம் ஆகியவை உண்டு. ஒவ்வொரு பதவிக்காலத்துக்கும் ஓர் எண் உண்டு. பழைய எண்ணோடு வரும் தலைவரின் கட்டளையை எவரும் ஏற்கார். 2011 டிசம்பரில் வெளிவந்த ஓப்பன்ஃபுளோவின் 1.2 பதிப்பும் இதே அறத்தைச் சுவிட்சுக்குக் கற்பித்திருந்தது. ஒரு சுவிட்சுடன் பல கட்டுப்படுத்திகள் இணையலாம். ஆனால் தலைமைப் பொறுப்பு ஒருவருக்கே. பொறுப்பைக் கோருபவர் ஒரு தலைமுறை எண்ணைக் காட்ட வேண்டும். அது பழையதாயின் சுவிட்சு மறுத்துவிடும். அந்த எண் 64 இருமம் கொண்டது. ஒப்பிடும் முறை கடிகார முகத்தின் அரைச்சுற்றுக் கணக்கேதான். 1980-இல் 6 இருமத்தில் சுழன்று வீழ்ந்த அதே கருத்து, இங்கே உயிரினம் எதுவும் சுற்றி முடிக்க இயலாத அகன்ற வட்டத்தில் நிற்கிறது.

திறந்த முயற்சிகள்

2013 ஏப்ரலில் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் ஓப்பன்டேலைட் தொடங்கப்பட்டது. 2014 டிசம்பரில் ஓனோஸ் முதற்பதிப்பு வெளிவந்தது. முன்னதன் பதிப்புகளுக்குத் தனிமங்களின் பெயர். பின்னதற்கு அகரவரிசையில் பறவைகளின் பெயர். இரண்டும் யாவரும் எடுத்தாளத்தக்க திறந்த மென்பொருள்கள். பல கட்டுப்படுத்திகள் குழுவாக இயங்க வழிசெய்பவை.

ஓனோஸ் கற்ற பாடம் பயனுள்ளது. அதன் முதல் முன்மாதிரி, கிடைத்த பொதுவான தரவுத்தள மென்பொருள்களை அடுக்கிக் கட்டப்பட்டது. இயங்கியது, ஆனால் வேகம் போதவில்லை என்று கட்டியவர்களே எழுதினர். பின்வந்த பதிப்புகளில் அவர்கள் செய்திகளைத் தரம் பிரித்தனர். எந்தச் சுவிட்சுக்கு யார் தலைமை என்பதை முழு ஒப்புதலோடு முடிவு செய்தனர். எந்த இணைப்பு உயிரோடு உள்ளது என்பன போன்ற செய்திகளை, கட்டுப்படுத்திகள் ஒன்றுக்கொன்று ஊர்ப்பேச்சுபோல் பரிமாறிக்கொண்டு காலப்போக்கில் சமன்செய்துகொள்ளுமாறு விட்டனர். அச்செய்திகளிலும் தலைமையின் பதவிக்கால எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்தே எது புதியது என்பதைக் காட்டின.

எண்ணிக்கை மட்டும் பாதுகாப்பாகுமா?

கூகள் நிறுவனம் தன் தரவு மையங்களை இணைக்கும் பி4 என்ற வலையமைப்பைப் பற்றி 2013-இல் கட்டுரை வெளியிட்டது. ஒவ்வோர் இடத்திலும் பல கட்டுப்பாட்டுக் கணினிகள். தலைமையைத் தேர்வு செய்ய பேக்சோஸ் முறை. இவ்வுரையில் கண்ட பாடங்கள் பலவும் அங்கே நடைமுறைக்கு வந்திருந்தன.

ஆயினும் 2019 ஜூன் 2 அன்று அந்நிறுவனத்தின் வலையமைப்பு அமெரிக்காவின் பல பகுதிகளில் மூன்று மணி நேரத்திற்கும் மேலாக நெரிசலுற்றது. யூடியூப், ஜிமெயில் உள்ளிட்ட சேவைகள் பாதிக்கப்பட்டன. அந்நிறுவனமே வெளியிட்ட விளக்கம் படிக்கத்தக்கது. கட்டுப்படுத்திகள் பல தனித்தனிக் குழுக்களில் இயங்கின. ஒன்று நின்றால் மற்றொன்று தாங்கும். ஆனால் பராமரிப்பு வேலையைத் தொடங்கும் மென்பொருள் ஒன்றில் பிழை இருந்தது. தவறான இரு அமைப்புகளும் அதனுடன் சேர்ந்துகொள்ள, அது வெவ்வேறு இடங்களில் இருந்த பல குழுக்களை ஒரே வேளையில் நிறுத்திவிட்டது. கட்டுப்படுத்திகள் மறைந்த பின்னும் செலுத்துதளம் சில நிமிடம் பழைய முடிவுகளின்படி ஒழுங்காகவே இயங்கியது. அவ்வாறே அது வடிவமைக்கப்பட்டிருந்தது. அதன்பின் வழிகள் கைவிடப்பட்டு, எஞ்சிய இணைப்புகளில் நெரிசல் மிகுந்தது. பழுதைக் கண்டறியும் கருவிகளும் அதே நெரிசலான வலையமைப்பையே நம்பியிருந்ததால் மீட்பும் தாமதமாயிற்று.

பலர் இருந்தனர், ஒப்புதல் முறையும் இருந்தது. ஆனால் அனைவரையும் ஒரே சொல்லில் உறங்கவைக்கும் அதிகாரம் வேறோரிடத்தில், யார் கண்ணிலும் படாமல் இருந்தது. ஐவர் என்று எண்ணியது உண்மையில் ஒருவரே. பால் பேரனின் படத்தில் மீன்வலையாகத் தோன்றுவது, அடியில் ஒரே முடிச்சில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

நிறைவுரை

இவ்வரலாற்றை மையத்திலிருந்து பரவலுக்கு நடந்த நேர்கோட்டுப் பயணமாகக் கொள்வது பிழையாகும். தலைமையின்றித் தொடங்கி, தலைமையை உருவாக்கி, மீண்டும் அத்தலைமையைப் பலரிடம் பகிர்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வென்றவர்கள் ஒருவரா பலரா என்ற வினாவை விட்டு, மூன்று நுண்ணிய வினாக்களைக் கேட்டவர்கள். எதில் ஒத்திருந்தே ஆக வேண்டும்? எது புதியது என்பதை எல்லாரும் ஒன்றாக அறிய விதி என்ன? நம்முள் ஒருவர் வீழ்ந்தால் மற்றவரும் வீழும்படி மறைவாக ஏதேனும் நம்மைப் பிணைத்திருக்கிறதா?

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் முன்பே உண்டு. ஒத்துழைப்பு என்பதில் ஒத்து என்பது வினையெச்சம். உழைப்பு அதன்பின் வருவது. முதலில் ஒத்தல், பிறகு உழைத்தல் என்ற வரிசை அச்சொல்லின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒவ்வாமலே உழைத்த இடத்தில் 1980-இன் சுழற்சி நேர்ந்தது. ஒத்ததாக எண்ணிய இடத்தில் 2019-இன் நெரிசல் நேர்ந்தது.

மாணவர்கள் இத்துறையைத் தமிழில் கற்கவும் விவாதிக்கவும் தயங்க வேண்டியதில்லை. கட்டுப்படுத்தி, செலுத்துதளம், பதவிக்கால எண் ஆகியவற்றை இவ்வுரை தமிழிலேயே விளக்க முடிந்தது. ஆசிரியர்கள் ஐந்து மாணவர்களை ஐந்து கட்டுப்படுத்திகளாக நிறுத்தி, துண்டுச்சீட்டில் செய்தி அனுப்பச் சொல்லி, இடையே ஒருவரை வெளியே அனுப்பிப் பாருங்கள். அரைமணி நேரத்தில் அவர்கள் வரிசை எண்ணின் தேவையையும் பெரும்பான்மையின் பொருளையும் தாமே கண்டடைவார்கள்.